லூட் என்ற சொல்லுக்கு நான் எழுதிய அட்டை

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ஆபீசில் எனக்கு ஒரு மதிய விருந்து வைத்தார்கள். என் டீமில் பாதிப் பேர் நான் முதல் வேலைக்குப் போன வருடத்தில் பிறக்கவே இல்லை. இன்று அவர்கள் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்திடம் எப்படிப் பேசினாலும் அதற்குப் புரிகிறது. எழுத்துப் பிழையோடு கேட்டாலும் புரிகிறது, பாதியில் நிறுத்தினாலும் மீதியை அதுவே ஊகித்துக்கொள்கிறது. கேக்கை வெட்டிக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்.

"வசந்தா ஆன்ட்டி, உங்க ஃபர்ஸ்ட் ஜாப்ல கம்ப்யூட்டருக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும்?"

"அறுநூத்திப் பன்னிரண்டு வார்த்தை."

"ஆயிரத்துலயா?"

"இல்லம்மா. வெறும் அறுநூத்திப் பன்னிரண்டு. ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு வெளிய போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அறுநூற்றுச் சொச்சத்தில் ஒரே ஒரு சொல் எங்கள் ஆபீசையே ஒரு கோடைக்காலம் முழுக்க ஆட்டிவைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர்களுக்கு மீட்டிங் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவள். எண்பத்தி ஒன்றில் கல்யாணமாகி சான்டா கிளாராவுக்கு வந்தேன். கணவர் சேகர் ஒரு சிப் கம்பெனியில் இன்ஜினியர். கிரீன் கார்டு வரும்வரை வீடு, அது வந்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு புரோகிராமிங் வகுப்பு, ஒரு பல் டாக்டரிடம் ஃபோன் எடுக்கும் வேலை, நடுவில் மகள் நித்யா. என் பயிற்சிக்காலம் இவ்வளவுதான். எண்பத்தி ஐந்தின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பேப்பரில் இரண்டு வரி விளம்பரம் பார்த்தேன். சொற்களில் பிரியமுள்ள ஆள் தேவை, டைப்பிங் தெரிந்தால் நல்லது என்று போட்டிருந்தது. இப்படியும் ஒரு வேலை உண்டா என்று பார்க்கத்தான் போனேன்.

அது ஒரு டிரை கிளீனர் கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட கம்பெனி. கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினார்கள். இன்றைய விளையாட்டு போலப் படமோ சத்தமோ கிடையாது. எல்லாம் எழுத்துத்தான். 'நீ கடற்கரையில் நிற்கிறாய். கிழக்கே ஒரு கோட்டை தெரிகிறது' என்று திரையில் வரும். ஆடுபவர் 'கிழக்கே போ', 'விளக்கை எடு' என்று ஆங்கிலத்தில் தட்டுவார். அதைப் புரிந்துகொண்டு கதை நகரும். தட்டிய சொல் அதற்குத் தெரியாவிட்டால் 'அந்தச் சொல் எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரி வராமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கிடைத்த வேலை.

என்னை நேர்காணல் செய்தவர் மார்ஜரி. பிறகு அவரே எனக்கு மேலதிகாரி. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. முப்பது வருடம் நூலகத்தில், யார் என்ன கேட்டாலும் தேடிக் கொடுக்கும் மேஜையில் இருந்தவர். வெட்டிய நரைமுடியில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். முதுகுவலி காரணமாக அவருக்கு நாற்காலியே கிடையாது. மார்பளவு உயரமான மேஜையின் முன்னால் காலை முதல் மாலை வரை நின்றபடியே வேலை பார்ப்பார். மேஜையில் மூன்று தடித்த அகராதிகள் எப்போதும் திறந்தே கிடக்கும்.

என் சான்றிதழ்களை அவர் பார்க்கவே இல்லை.

"ஸ்டீல், ராப், லூட். மூன்றுமே திருட்டுத்தான், என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். "கடிகாரத்தை ஸ்டீல் பண்ணலாம். மனுஷனை ராப் பண்ணலாம். மாற்றிச் சொன்னால் தப்பு. ஒன்றுக்குப் பொருள் வேணும், ஒன்றுக்கு ஆள் வேணும்."

"லூட்?"

"அதுக்கு ஒரு இடம் வேணும். கடை, கப்பல், ஊர் மாதிரி. கூடவே காவல் இல்லாத ஒரு நேரமும் வேணும். போரோ தீயோ புயலோ நடந்துக்கிட்டிருக்கணும். சாதாரண செவ்வாய்க்கிழமையில யாரும் லூட் பண்ண மாட்டாங்க."

மார்ஜரி முடியிலிருந்து பென்சிலை உருவி, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். "திங்கட்கிழமை வந்துவிடுங்கள்," என்றார்.

அமெரிக்கா வந்த பிறகு நான் படிகளில் ஓடி இறங்கியது அன்றைக்குத்தான் முதல்முறை.

வேலையின் முறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை. அதில் நான்கு வரி. இந்தச் சொல்லை யார், எந்த இடத்தில் தட்டுவார்கள் என்பது முதல் வரி. இதற்குப் பின்னால் எந்தெந்தப் பொருளின் பெயர் வரலாம் என்பது இரண்டாவது. இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. நான்காவதுதான் கொடுமை: இதற்கு இடம்விட்டு எந்தச் சொல் வெளியே போகிறது? டிஸ்கில் அவ்வளவுதான் இடம். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஆறு எழுத்தைத்தான் இயந்திரம் பார்க்கும். கதையில் ஒரு பொருளின் பெயர் திரையில் வந்தால் அது கட்டாயம் பட்டியலிலும் இருக்க வேண்டும். மேஜை என்று எழுதிவிட்டு, ஆடுபவர் 'மேஜையைப் பார்' என்று தட்டும்போது தெரியாது என்று சொல்வது விருந்தாளியை வாசலில் நிறுத்துவது போல என்பார் மார்ஜரி.

அவர் யாரையும் தப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றுவார். நாம் எழுதிய வரியை நல்ல செய்தி வாசிப்பது போல மெதுவாக, வாய்விட்டு வாசிப்பார். பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

அப்போது எழுதிக்கொண்டிருந்தது கடற்கொள்ளைக்காரர்களின் விளையாட்டு. ஆடுபவர் ஒரு கொள்ளைக் கப்பலின் சமையல்காரன். கப்பல் ஒரு தீவில் ஒதுங்குகிறது. அங்கே கோட்டை, அதையொட்டி ஒரு மீனவர் கிராமம். இந்தக் கதைக்குக் கொள்ளை சம்பந்தப்பட்ட சொற்கள் அத்தனையும் வேண்டும். ஒரு வாரம் நானும் மார்ஜரியும் அகராதிகளைப் புரட்டிப் புரட்டிக் குதூகலித்தோம். ரான்சாக் என்றால் பழைய பேச்சில் வீட்டைத் தேடுவது என்று மட்டும்தான் அர்த்தம். தேடிக் கலைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமலும் போகலாம். சாக் என்றால் ஊரைச் சூறையாடுவது. அதுவும் சாக்குப்பையும் ஒரே சொல். எங்கள் கதையில் சமையல்காரனிடம் ஒரு சாக்கு இருந்ததால் இயந்திரம் திணறியது. பில்லேஜ் என்ற சொல்லைப் போட்டதும், அது வில்லேஜோடு எதுகையாக வருகிறதே என்பதற்காகவே எங்கள் விளையாட்டைச் சோதித்துப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதையே தட்டினார்கள்.

லூட் என்ற சொல்லுக்கு வந்ததும் மார்ஜரி நிமிர்ந்து பார்த்தார். "இது இந்தியாவிலிருந்து வந்தது! உங்கள் ஊர்ச் சொல். அட்டை உங்களுடையது."

"இந்தியிலேர்ந்து வந்தது. எங்க தமிழ்லயும் இருக்கு, லூட்டின்னு. ஆனா அர்த்தம் வேற ஆயிடுச்சு. பிள்ளைங்க வீட்டைத் தலைகீழாக்கி ஆட்டம் போட்டா அதுக்குப் பேர் லூட்டி."

"கொள்ளைக்காரர்களைக் குழந்தைகள் ஆக்கிவிட்டீர்களா?" என்று அவர் கை கொட்டிச் சிரித்தார். அன்று மாலை வீட்டுக்குப் போனால், நித்யா அலமாரியிலிருந்து அரிசி டப்பாவை இழுத்துக் கவிழ்த்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். "என்னடி லூட்டி இது?" என்றேன். மூன்று வயது. "ஐ டிட் நாட் டூ லூட்டி. ரைஸ் டிட் லூட்டி," என்றாள். மறுநாள் மார்ஜரியிடம் சொன்னேன். அதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்.

அட்டையில் நான் எழுதியது இதுதான்: லூட் என்று தட்டினால், அந்த அறையில் உள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம். புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது. சோதித்துப் பார்த்த ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், கப்பல் தளத்தில் நின்று லூட் என்று தட்டியிருக்கிறார். அவர் அனுப்பிய அறிக்கையை மார்ஜரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார்: "நீ இப்போது வைத்திருப்பவை: ஒரு விளக்கு, ஒரு கயிறு, கப்பல் பூனை, கேப்டனின் மரக்கால், கடல்."

தளத்திலிருந்து தெரியும் கடலையும் பொருள்களின் பட்டியலில் வைத்திருந்தோம். அதையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது என் சொல். ஆபீசே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடலைத் திரும்ப வைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இயந்திரத்தின் உள்வேலை முழுக்க ஒருவர்தான் எழுதினார். ஜெரோம். கொழும்புத் தமிழர், வெள்ளவத்தைக்காரர், கிறிஸ்தவர். படிக்க டெக்ஸாஸுக்கு வந்து, பிறகு வேலைக்கு இந்தப் பக்கம் வந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் லூட்டி என்றால் அவர் "நாங்கள் அதைக் குழப்படி எண்டு சொல்லுவம், அக்கா," என்பார். மதியம் என் தயிர்சாதமும், அவர் பாண் என்று சொல்லும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இடம் மாறும். நன்றாகச் சிரிக்கக்கூடிய மனிதர்.

மீனவர் கிராமத்துப் பகுதியை அவரே எழுதுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜூலை கடைசியில் முடித்துக் கொடுத்தார். நான் வழக்கம்போல அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, திரையில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அட்டை இருக்கிறதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். கொள்ளைக்காரர்கள் கிராமத்தில் நுழைகிறார்கள். ஒரு வீட்டில் நின்று லூட் என்று தட்டினால் அங்கே கிடைப்பதெல்லாம் வரிசையாக வருகிறது: சுவர்க் கடிகாரம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, தையல் மெஷின், தகரப்பெட்டி நிறையப் புகைப்படங்கள். அடுத்த வரி: பக்கத்து வீட்டுக்காரியும் லூட் பண்ணுகிறாள்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"என்ன ஜெரோம், பாய்மரக் கப்பல் காலத்துல தையல் மெஷினும் போட்டோவும் ஏது? மார்ஜரி கண்ணாடியக் கழட்டிடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது எங்கட வீட்டில இருந்த சாமான், அக்கா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்பத்தி மூன்று ஜூலையில் கொழும்பில் தமிழர்களை அடித்தபோது அவர் டெக்ஸாஸில் இருந்தார். அப்பாவும் அம்மாவும் வெள்ளவத்தை வீட்டில். எதிர்வீட்டுக்காரர் அவர்களைத் தன் மாடியறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அங்கிருந்து ஜன்னல் இடுக்கு வழியாக அப்பா தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"சனம் உள்ளுக்குப் போய் ஒண்டொண்டாத் தூக்கிக்கொண்டு வந்தது. அதை அப்பா தாங்கிக்கொண்டார். ஆர் எண்டே தெரியாத சனம். ஆனால் சோமா ஆன்ரியும் வந்தவ."

"யாரு அவங்க?"

"பக்கத்து வீடு. சிங்கள ஆக்கள். அம்மாவும் அவவும் ஒரு நாளும் கறி மாத்தாமல் சாப்பிட்டதில்லை. அவ அம்மாவின்ர தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவ. திரும்பவும் உள்ளுக்குப் போய் தகரப்பெட்டியோட வந்தவ. அதுக்குப் பிறகு அப்பா பார்க்கேல்லை."

அன்று மாலை அகதி முகாம், பிறகு கப்பலில் யாழ்ப்பாணம், அடுத்த வருடம் மெட்ராஸில் ஒரு வாடகை வீடு. வெள்ளவத்தைக்கு அவர்கள் திரும்பவே இல்லை.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆறு மாதமாக நாள் முழுக்க வினைச்சொற்களோடு கிடந்தவள் நான். பென்சில் கையிலேயே இருந்தது.

"ஜெரோம், தப்பா நினைக்காதீங்க. அந்த மெஷினை அவங்க அப்புறம் என்ன பண்ணாங்க?"

"தெரியாது."

"வித்தாங்களா? வீட்டுல வச்சு தைக்கிறாங்களா?"

"தெரியாது எண்டுறனே, அக்கா!"

"அப்ப இங்க லூட்னு போட முடியாது. அப்பா பார்த்தது, அவங்க தூக்கிக்கிட்டுப் போனதை. கேரி. அதுக்கு வேற அட்டை போடணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு எல்லாம் அட்டைதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பாணும் சம்பலும் வரவில்லை. வீட்டைப் பறிகொடுத்த மனிதரிடம் இலக்கணம் பேசிவிட்டோமே என்று நான் குன்றிப்போனேன். சேகரிடம் சொன்னால், "ஏன் நீ போய்ச் சொன்னே?" என்றார். மார்ஜரியிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அகராதியில் பிளண்டர் என்ற சொல்லை எடுத்தார். அதுவும் கொள்ளைதான், ஜெர்மன் பேச்சிலிருந்து வந்தது. அதன் பழைய பொருளை மெதுவாக வாசித்துக் காட்டினார்: பாய், படுக்கை, துணிமணி, வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள். வாசித்து முடித்துவிட்டு, தையல் மெஷினுக்கும் புகைப்படத்துக்கும் நான் எழுதியிருந்த அட்டைகளை வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்தார்.

"இவற்றை என்ன செய்வது என்று ஜெரோம் சொல்லட்டும். அதுவரை கிராமம் முடியவில்லை."

முதலாளி பாப் தலையில் கை வைத்துக்கொண்டார். செப்டம்பர் முடிவதற்குள் டிஸ்குகள் நகலெடுக்கப் போகாவிட்டால் கிறிஸ்துமஸ் விற்பனை போய்விடும். சின்னக் கம்பெனி. ஒரு கிறிஸ்துமஸ் போனால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் இருக்க மாட்டோம். மார்ஜரி அசையவில்லை.

எட்டாம் நாள் காலை என் மேஜையில் ஒரு தாள் இருந்தது. பக்கத்தில் ஜெரோம் நின்றிருந்தார்.

"அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ. பிழை இருந்தால் திருத்துங்கோ."

சோமா ஆன்ட்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேராகவே ஆரம்பித்தது: எங்கள் வீடு லூட் செய்யப்பட்ட அன்று நீங்கள் அம்மாவின் மெஷினை எடுத்ததை அப்பா பார்த்தார்.

"லூட் இருக்கட்டும். அது நடந்ததுதானே," என்றேன். "'எடுத்ததை'ங்கறதை மட்டும் மாத்தலாமா? எடுத்தாங்கன்னா வச்சுக்கிட்டாங்கன்னு ஆயிடும். தூக்கிக்கிட்டுப் போனீங்கன்னு போடுங்க. எங்க போனாங்கன்னு நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவர் அந்த வரியை மறுபடி வாசித்தார். "கேரி," என்றார். தானே பென்சிலை வாங்கித் திருத்தினார். பிறகு அடியில் ஒரு வரி சேர்த்தார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா சில சமயம் கேட்பார். பதில் அனுப்ப எங்கள் ஆபீஸ் முகவரியைக் கொடுத்தார். அப்போது அவர் வீடு மாறும் சமயம்.

ஆகஸ்ட் போயிற்று. மற்ற எல்லாப் பகுதிகளையும் முடித்துவிட்டோம். கிராமம் மட்டும் அப்படியே கிடந்தது. பாப் தினமும் காலண்டரைப் பார்ப்பார், பிறகு மார்ஜரியைப் பார்ப்பார். செப்டம்பர் இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து ஒரு கனத்த பார்சலை வைத்தார். பழுப்புத் துணியில் சுற்றி, நாலு பக்கமும் தைத்து, அரக்கு முத்திரை வைத்த பார்சல். அமெரிக்கர்கள் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். ஜெரோம் கத்தரிக்கோலை மார்ஜரியிடம் நீட்டினார். மார்ஜரிதான் தையலைப் பிரித்தார்.

உள்ளே இரண்டு புகைப்பட ஆல்பங்கள். ஜெரோமின் ஞானஸ்நானம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, அப்பா அம்மாவின் கல்யாணம். அடியில் ஒரு உறையில் வீட்டுப் பத்திரமும் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களும். மேலே ஒரு கடிதம். ஜெரோம் அதை என்னிடம் நீட்டினார். "நீங்கள் வாசியுங்கோ, அக்கா. என்னால ஏலாது."

வாசித்தேன். கூட்டத்தோடு கூட்டமாக ஒரு சிங்களப் பெண் நுழைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் உள்ளே போனேன். மூன்று தடவை போனேன். நான்காவது தடவை போகும்போது தீ வைத்துவிட்டார்கள். கடிகாரத்தை எடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். முகாமுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. எங்கள் எல்லோர் மேலும் உங்களுக்குக் கோபம் என்று நினைத்து அதற்குமேல் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. மெஷினைத் தபாலில் அனுப்ப முடியாது. மாதம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன். இந்தத் துணி உறையை அதில்தான் தைத்தேன். நன்றாக ஓடுகிறது.

பிரித்துப் போட்ட துணியை ஜெரோம் எடுத்து, அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

மெட்ராஸுக்கு உடனே ஃபோன் பண்ண முடியாது. அங்கே எல்லோரும் தூங்கும் நேரம். மாலை ஆறு மணிவரை காத்திருந்தோம். ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. பாப் இறங்கிப் போய்ப் பீட்சா வாங்கிவந்தார். ஆறு மணிக்கு மார்ஜரி தன் மேஜையிலிருந்த ஃபோனை எடுத்து ஜெரோமிடம் கொடுத்தார். மெட்ராஸில் வீட்டுச் சொந்தக்காரர் எடுத்து, மாடியிலிருந்து அவர்களைக் கூப்பிட்டு, அப்பா வந்து சேரவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஜெரோம் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அப்பா? கேக்குதோ, அப்பா?" பிறகு ஃபோன் கை மாறியது. அம்மாவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"எண்ணெய் போட்டவளாமோ? எந்த எண்ணெய்? தேங்காயெண்ணெய் போட்டால் இறுகிப் போகுமடா, அவளுக்குச் சொல்லு!"

நான் அதை மொழிபெயர்த்ததும் மார்ஜரி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

மறுநாள் ஜெரோம் வந்து டிராயரிலிருந்த இரண்டு அட்டைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "மெஷினும் படங்களும் இனி இதுக்குள்ள இருக்கத் தேவையில்லை, அக்கா. அதுகள் இருக்கிற இடம் தெரியும்தானே." இரண்டு சொற்களுக்கு இடம் கிடைத்தது. ஒன்றில் கேரி உள்ளே வந்தது, மற்றதில் ரிட்டர்ன். ஐந்தே நாளில் அந்தக் கிராமத்தை ஜெரோம் புதிதாக எழுதினார். சமையல்காரன் கிராமத்து வீட்டில் நின்று லூட் என்று தட்டலாம். மீன்வலையும் உலைப்பானையும் தொட்டிலும் அவன் கையில் வரும். கொள்ளைக்காரர்கள் போன பிறகு, காட்டில் ஒளிந்திருக்கும் வீட்டுக்காரர்களைத் தேடிப் போய் அவற்றைத் திருப்பிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவனுக்குத்தான் அவர்கள் படகைக் காட்டுவார்கள். படகு இல்லாமல் தீவைவிட்டுப் போக முடியாது.

பாப் வாசித்துவிட்டு, "கொள்ளைக்காரன் விளையாட்டில் திருப்பிக் கொடுத்தால்தான் ஜெயிப்பானா? இதை யார் வாங்குவார்கள்?" என்றார். மார்ஜரி கண்ணாடியைக் கழற்றி, பாப் சொன்ன வரியையே மெதுவாக, நல்ல செய்தி போலத் திருப்பிச் சொன்னார். பாப் கையைத் தூக்கிவிட்டார். டிஸ்குகள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்தன. கிறிஸ்துமஸுக்கு நன்றாகவே விற்றது. ஜனவரியில் எங்களுக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பெரும்பாலானவை அந்தக் கிராமத்தைப் பற்றித்தான். முதல் தடவை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடினேன், மாட்டிக்கொண்டேன், யாரிடம் கொடுப்பது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று என்று ஒருவர் எழுதியிருந்தார். மார்ஜரி எல்லாவற்றுக்கும் நின்றபடியே பதில் எழுதினார்.

அதற்குப் பிறகு நான் முப்பது வருடங்களுக்கு மேல் வேறு வேறு கம்பெனிகளில் சொற்களோடுதான் வேலை பார்த்தேன். பெரிய பதவிகளும் கிடைத்தன. அந்த டிரை கிளீனர் மாடியில் இருந்த மாதிரி காலையில் எழுந்ததும் ஆபீசுக்கு ஓட வேண்டும் என்று தோன்றிய வேலை வேறொன்று இல்லை.

எண்பத்தி ஏழில் ஜெரோமுக்குக் கல்யாணம். பெண் நியூ ஜெர்சியில் வளர்ந்தவள், யாழ்ப்பாணத்து டாக்டர் குடும்பம். மான்மவுத் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சர்ச்சில் கல்யாணம், பிறகு ஒரு ஹாலில் விருந்து. நானும் சேகரும் நித்யாவைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினோம். மார்ஜரியும் வந்தார். மெட்ராஸிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். சோமா ஆன்ட்டிக்கு விசா கிடைக்குமா கிடைக்காதா என்று கடைசி வாரம்வரை இழுபறி. அவர் நேராக விமான நிலையத்திலிருந்து விருந்துக்குத்தான் வந்து சேர்ந்தார். குட்டையான, பருத்த அம்மாள். கசங்கிய சேலையோடு, கையில் பையோடு வாசலில் நின்று உள்ளே தேடினார்.

ஜெரோமின் அம்மா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார். அப்பா மெதுவாக எழுந்து போனார். நான் சோற்றுத் தட்டோடு பக்கத்து மேஜையில் இருந்தேன். அவர் முதலில் சிங்களத்தில் ஏதோ சொல்ல முயன்றார், வரவில்லை. பிறகு தமிழிலேயே சொன்னார்.

"சோமா, உன்னை நான் கள்ளி எண்டு சொன்னனான். ரண்டு வருஷமாக் காண்கிற ஆக்களுக்கெல்லாம் சொன்னனான்."

சோமா ஆன்ட்டி பையைக் கீழே வைத்தார். தன் உடைந்த தமிழில், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"கள்ளி சரிதான், அண்ணா! மூண்டு தரம் வந்த கள்ளி! ஒருத்தனும் என்னைப் பிடிக்க இல்லை!"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். யாரோ இலங்கையின் பைலா ஆட்டப்பாட்டைப் போட்டார்கள். இரண்டு அம்மாக்களும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நடுவில் இறங்கினார்கள். மார்ஜரியும் முதுகுவலியை மறந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர்களுடைய காலைப் பார்த்து நித்யா ஆடக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் தட்டை சேகர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.